புயல் இரவில் எடுக்கக் கூடாத முடிவுகள்

புயல் கரையைக் கடக்கிற இரவில் ஒரு தாசில்தாருக்குப் பெரிதாக வேலை இருக்கக் கூடாது. துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தது மழைக்கோட்டும் டார்ச் விளக்கும் முழங்கால் தண்ணீரும் ஓயாமல் அடிக்கிற கைபேசியும்தான். அந்தப் பரபரப்பைத்தான் பேரிடர் மேலாண்மை என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். நாகை, கடலூர் மாவட்டக் கடலோர வட்டங்களிலேயே பெரும்பாலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்வேன்: அந்த இரவின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னால், ஆடி ஆவணியில் எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவு எடுக்கப்படாமல் கிடந்திருக்கும்.

காற்று வீசும்போது எடுக்கிற முடிவு கெட்ட முடிவாகவே இருக்கும். மின்சாரம் இருக்காது, தொலைபேசி கிடைக்காது, தூக்கம் இருக்காது, பக்கத்தில் நிற்பவர் சொல்வது பாதிதான் காதில் விழும். ஆகவே ஒரு நாட்டின் பேரிடர் ஏற்பாடு எப்படிப்பட்டது என்று அளக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. எத்தனை முடிவுகளை அது வெயில் காயும்போதே எடுத்து வைத்திருக்கிறது? டெல்லியில் இருக்கிற ஆணையம் முதல் எங்கள் ஊர்க் கிராம உதவியாளர் வரை இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1880-ல் ஒரு பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன்பேரில் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. பஞ்சம் வருவதற்கான அறிகுறிகள் எவை, நிவாரண வேலையை எப்போது தொடங்க வேண்டும், கூலி எவ்வளவு, எந்த அதிகாரி எதற்குப் பொறுப்பு என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டன. ஆள்பவர்களின் நோக்கத்தில் எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் கலெக்டரை நடுவில் வைத்து, வருவாய்த் துறையை வேராகக் கொண்டு இயங்குகிற இன்றைய நிவாரண அமைப்பின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் மத்திய அரசில் இயற்கைப் பேரிடர் வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பாகவே இருந்தது. பேரிடர் என்றால் வறட்சி என்ற பழைய எண்ணம்தான் காரணம். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பம் வந்தது. அதற்கடுத்த ஆண்டுதான் அந்தப் பொறுப்பு உள்துறை அமைச்சகத்துக்கு மாறியது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில். நம் கரையை அலை தொட்டபோது எட்டரை தாண்டியிருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆற்றாமை இன்னும் தீரவில்லை. நம்மிடம் அப்போது கருவி இல்லை. கருவி இருந்திருந்தாலும், செய்தி யாருக்குப் போக வேண்டும், அவர் யாரிடம் சொல்ல வேண்டும், கேட்டவர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எவரும் முன்னதாக யோசித்து வைத்திருக்கவில்லை.

2007-ல் ஐதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கைப் பிரிவு இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம் வந்தபோது எச்சரிக்கை வந்தது. கடலோர மக்கள் மேட்டுக்குப் போனார்கள். பெரிய அலை வரவில்லை. அன்றைக்கே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. “வீணாக ஓடவிட்டார்கள்” என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வீணாகத் தோன்றவில்லை. யார் எந்தத் தெரு வழியாக ஓடுகிறார்கள், எந்தச் சந்தில் நெரிசல் ஆகிறது என்பதை உண்மையான பயத்தோடு ஒத்திகை பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு வந்த 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள்: பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையம், ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம். பாடப் புத்தகம் அதோடு நின்றுவிடும். களத்தில் இருப்பவனுக்குப் பிடித்தவை உள்ளே இருக்கிற பிரிவுகள். 31-வது பிரிவு மாவட்டத்துக்கென ஒரு திட்டம் வேண்டும், அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்கிறது. 65-வது பிரிவு, மீட்புப் பணிக்கு லாரியையோ கல்யாண மண்டபத்தையோ கேட்டு வாங்கிக்கொள்ளும் அதிகாரத்தைத் தருகிறது. 50-வது பிரிவு, அவசரக் கொள்முதலுக்கு டெண்டர் நடைமுறையிலிருந்து விலக்கு அளிக்கிறது. தணிக்கைக்குப் பயந்து கையெழுத்துப் போடாமல் கோப்பைத் தள்ளிவிடும் அதிகாரிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கடைசிப் பிரிவின் அருமை தெரியும். டெல்லியில் யாரோ 2005-லேயே எனக்காக ஒரு முடிவை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த இரவில் நான் தார்ப்பாய் வாங்கலாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பணத்திலும் இதே கதைதான். பேரிடர் வந்தபின் டெல்லியைப் பார்த்துக் கையேந்த வேண்டும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். முதல் செலவுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு அதில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசினுடையது; ஒரு பங்கு மாநிலத்தினுடையது. வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 90 சதவீதம். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு, மாநிலங்களின் பேரிடர் நிதிகளுக்கென 15-வது நிதி ஆணையம் மொத்தம் 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பாதிப்பைத் தணிக்கும் வேலைகளுக்கென்று முதல் முறையாகத் தனியே ஒதுக்கச் சொன்னது. மொத்தத்தில் பத்து சதவீதம் ஆயத்தப் பணிக்கும் பயிற்சிக்கும். கயிறு, படகு, மோட்டார் ரம்பம், ஜெனரேட்டர் என்று ஆவணியில் நாங்கள் எழுதும் பட்டியலுக்கு வழி இந்தப் பத்து சதவீதத்தில்தான் இருக்கிறது.

பாதிப்பு மாநிலத்தின் நிதிக்குள் அடங்காதபோதுதான் தேசிய நிதியைக் கேட்பது, மத்தியக் குழு வந்து பார்ப்பது எல்லாம். ஒவ்வொரு பெரும் பேரிடரின்போதும் ‘தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்’ என்ற கோரிக்கை எழும். அப்படி அறிவிப்பதற்கு விதியே கிடையாது. ‘கடுமையான பேரிடர்’ என்று வகைப்படுத்துவது மட்டும்தான் உண்டு. நிவாரணத் தொகைக்கு வரையறை இருக்கிறது: இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய், 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் தொகை. விவசாயி செலவழித்ததற்கும் இந்தத் தொகைக்கும் உள்ள தூரத்தை வயல் வரப்பில் நின்று விளக்க வேண்டிய கஷ்டம் எங்களுடையது. ஆனாலும் தொகை முன்பே அச்சாகி இருப்பதால், என் மேசையில் பேரம் நடக்காது. பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்தது எனக்கு ஏன் இல்லை என்று கேட்பவருக்குத் தாளைக் காட்டலாம்.

வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு படிகளில் வரும். 72 மணி நேரத்துக்கு முன்பு ஒரு முன்னறிவிப்பு, 48 மணிக்கு உஷார்ச் செய்தி, 24 மணிக்கு எச்சரிக்கை, கடைசியாக 12 மணி நேரத்துக்கு முன்பு, கரையைக் கடந்தபின் உள்ளூரில் எப்படி இருக்கும் என்ற கணிப்பு. தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இவை செய்தி. எங்களுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு வேலைப் பட்டியலின் தலைப்பு. எழுபத்திரண்டு என்றால் கடலில் இருக்கும் படகுகளுக்குத் திரும்பச் சொல்லித் தகவல். நாற்பத்தெட்டு என்றால் ரேஷன் அரிசியும் சிலிண்டரும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இன்றோ நாளையோ பிரசவம் என்றிருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இருபத்து நான்கு என்றால் ஆட்கள் நகரத் தொடங்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஏற்றிவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு மோட்டார் ஓடாது. புயல் போனபின் மூன்று நாளைக்கு ஊர் குடிக்கப்போவது அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான். பன்னிரண்டுக்குப் பிறகு என் ஆட்கள் எவரும் வண்டி எடுக்கக் கூடாது. மீட்கப் போனவனை மீட்க இன்னொரு குழு போவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

இந்தப் படிக்கட்டு எல்லா நேரமும் ஒழுங்காக அமையாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, குமரிமுனைக்குப் பக்கத்திலேயே மளமளவென்று வலுப்பெற்றது. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள் கைபேசிக்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள். கரையில் எவ்வளவு சரியாகச் செய்தாலும் செய்தி போய்ச் சேராத இடத்தில் அது எச்சரிக்கையே ஆகாது. செயற்கைக்கோள் வழியே செய்தி சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் வேலை அதன் பிறகே வேகம் பிடித்தது.

தேசியப் பேரிடர் மீட்புப் படையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006-ல் எட்டுப் பட்டாலியன்களோடு தொடங்கியது; இன்று பதினாறு. நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் இருப்பது நான்காவது பட்டாலியன். மத்தியக் காவல் படைகளிலிருந்து வருகிற ஆட்கள். ஒரு முழுக் குழுவில் 45 பேர். அதில் பொறியாளர், எலக்ட்ரீஷியன், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய்ப் பிரிவு எல்லாம் அடக்கம். இவர்களால் வந்த பெரிய மாற்றம், புயலுக்கு முன்பே வந்துவிடுவதுதான். முன்பெல்லாம் ராணுவத்தைக் கூப்பிடுவது கடைசி வழி. கடிதம் போய், உத்தரவாகி, லாரி வந்து சேர்வதற்குள் தண்ணீர் வடியத் தொடங்கியிருக்கும். இப்போது அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான தேசிய நெருக்கடி மேலாண்மைக் குழு புயல் கடலில் இருக்கும்போதே கூடி, எந்தக் கரைக்கு எத்தனை குழு என்று பிரித்துவிடுகிறது.

ஆனால் வந்து இறங்கும் வீரருக்கு எங்கள் ஊர் தெரியாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் மூன்றும் தண்ணீருக்கு நடுவே நின்றுவிடும். எந்தக் கரையில் படகை இறக்கலாம், எங்கே முள்ளுக்காடு மூழ்கிக் கிடந்து ரப்பர் படகைக் கிழிக்கும், எந்த வீட்டு மாடி ஆள் ஏறித் தாங்கும் என்பதெல்லாம் அரக்கோணத்தில் கற்றுக்கொடுக்கிற பாடம் அல்ல. அதனால் ஒவ்வொரு குழுவோடும் போக ஓர் உள்ளூர் ஆள் பெயரை முன்பே எழுதி வைப்போம். பெரும்பாலும் அவர் மீனவராகவோ, ஆற்றில் வலை வீசுபவராகவோ இருப்பார். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து செய்ததை நாடே பார்த்தது. படையின் பயிற்சியும் ஆற்றுக்காரனின் அறிவும் சந்திக்கிற இடத்தை யாராவது முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். அதைக் குறிப்பது வட்ட அலுவலகத்தின் வேலை.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்: பட்டியல். தமிழ்நாட்டில் எளிதில் பாதிக்கப்படும் பகுதிகள் என்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் குறித்து, மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் முதல்நிலை மீட்பாளர்கள் என்று உள்ளூர் ஆட்களின் பெயரும் எண்ணும் உண்டு. மேலே இருப்பவர்களுக்கு அது ஒரு அட்டவணை. வி.ஏ.ஓ. கையில் அது ஒரு குறிப்பேடாக மாறும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. நல்ல வி.ஏ.ஓ. ஒருவரின் குறிப்பேட்டை நான் பல காலம் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டியிருக்கிறேன். வீட்டு எண் வரிசையில் எழுதாமல், தெருவில் நடந்துபோகும் வரிசையில் எழுதியிருப்பார். ‘மாரியம்மன் கோயில் தாண்டி இரண்டாவது கூரை, படுத்த படுக்கை, தூக்க நாலு பேர், மகன் திருப்பூரில்.’ அடுத்த வரி: ‘ஏழு மாதம், கார்த்திகை கடைசி.’ அதற்கடுத்து: ‘வாரம் இருமுறை டயாலிசிஸ்.’ கிராம நர்ஸிடம் இருக்கிற கர்ப்பிணிகள் பதிவேட்டை இந்தக் குறிப்பேட்டோடு ஒத்துப்பார்ப்பதற்கு ஒரு மத்தியானம் போதும். அந்த ஒரு மத்தியானம் புயல் நாளில் கிடைக்காது.

பட்டியலில் வராதவர்களைத் தேடுவதுதான் கடினம். ரேஷன் கார்டை வைத்துக் கணக்கெடுத்தால் கார்டு இல்லாதவர்கள் ஊரிலேயே இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். இறால் பண்ணைக் கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள், செங்கல் சூளைக்கு வந்து தங்கியிருப்பவர்கள், கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள், கடற்கரைக் கோயில் வாசலில் படுத்திருப்பவர்கள். இவர்களைத் தெரிந்தவர் அந்தந்தப் பக்கத்து டீக்கடைக்காரர். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் டீக்கடைக்காரரின் எண் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் பட்டியல் முடியவில்லை என்று பொருள்.

அடுத்தது முகாம். பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையங்கள் கடலோரத்தில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கின்றன, போதாததற்குப் பள்ளிக்கூடங்கள். ஆவணியில் முகாமைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, “சாவி யாரிடம்?” தலைமையாசிரியரிடம் என்பார்கள். அவர் குடியிருப்பது டவுனில். மழையில் டவுன் சாலை மூழ்கினால்? இரண்டாவது சாவி பள்ளிக்கு எதிர் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டாவதாகப் பார்ப்பது பெண்கள் கழிப்பறையின் உள் தாழ்ப்பாள். வயசுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்கள் முகாமுக்கு வர மறுத்தால், காற்றைப் பற்றிய அலட்சியம் என்று அதிகாரி அறிக்கை எழுதுவார். உண்மைக் காரணம் உடைந்த தாழ்ப்பாளாக இருக்கும். மூன்றாவது, யாரும் வெளியே பேசாதது: எந்தத் தெருக்காரர் எந்த அறையில், யார் சமைத்து யார் சாப்பிடுவது. சுனாமி முகாம்களில் சாதி தலைதூக்கியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வந்த வரிசைப்படி அறை, சமையல் சத்துணவு அமைப்பாளர் பொறுப்பு என்று முன்கூட்டியே கூட்டத்தில் சொல்லி, எல்லாத் தெருப் பெரியவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நள்ளிரவில் நனைந்துவந்து நிற்கும் கூட்டத்தில் இந்தப் பஞ்சாயத்தைத் தொடங்கினால் விடியாது.

2020 நவம்பரில் நிவர் வந்தபோது கொரோனாவும் கூடவே இருந்தது. நெருக்கி உட்காரவைக்க முடியாது என்பதால் வழக்கத்தைவிட அதிக முகாம்கள் வேண்டியிருந்தன. கடலோரக் குப்பம் ஒன்றில் வயதான ஓர் அம்மா கூரைக்குள்ளிருந்து வர மறுத்துவிட்டார். கிராம உதவியாளர் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஆயா, பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. ராத்திரி காத்து பலமா இருக்கும்.”

“தானே புயலுக்கே நான் இங்கதான் கெடந்தேன் தம்பி. நான் வந்துட்டா ஆட்டை யாரு பாக்குறது?”

“ஆட்டையும் ஓட்டிட்டு வாங்க ஆயா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஷெட்டு போட்டிருக்கோம். தழையும் கட்டி வச்சிருக்கு.”

“குட்டியெல்லாம் சேத்துதான சொல்றீங்க?”

“குட்டியும்தான்.”

அவர் எழுந்துவிட்டார். என்னுடைய பேச்சுத் திறமை அதில் ஒன்றுமில்லை. ஆட்டுக்கு இடம் என்று ஆவணியில் எழுதி வைத்ததால் எனக்குச் சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. மீனவருக்கு வலையும் எஞ்சினும் படகும், விவசாயிக்கு மாடு, பெட்டிக்கடைக்காரருக்குச் சரக்கு. ஆட்களை நகர்த்துவது என்பது அவர்களின் பிழைப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. படகை மேலே இழுக்க டிராக்டர் வருமா என்று பஞ்சாயத்தார் கேட்பார்கள். வரும் என்றால், மைக்கில் நான் பத்துமுறை கத்துவதற்குப் பதில் அவர்கள் ஒருமுறை சொல்வார்கள்; குப்பமே கிளம்பிவிடும்.

அந்த ஆயா தானே புயலைச் சொன்னது கவனிக்க வேண்டியது. மக்கள் புதிய புயலைப் பழைய புயலால் அளக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே, காற்றுப் புயல். பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நான்கு ஆண்டு கழித்து 2015 நவம்பரில் வந்தது தண்ணீர். விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடை ஊருக்குள் புகுந்து வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. கடலைப் பார்த்தே பயந்து பழகிய மாவட்டத்துக்கு ஆபத்து மேற்கிலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவில், கடலோரத்தில் ஆட்களை முன்பே நகர்த்தியது பலனளித்தது. ஆனால் காற்று உள்ளே போய் டெல்டாவின் தென்னைகளை ஒடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்த கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே “தானேயைவிடப் பெரிசா சின்னதா?” என்று கேட்பவரிடம் ஆமாம் இல்லை என்று சொல்லக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். “உங்க வாசல்ல இடுப்பளவு தண்ணி நிக்கும், மூணு நாளைக்குக் கரண்ட் இருக்காது” என்று சொல்ல வேண்டும். கிலோமீட்டர் வேகம் கேட்டு யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

முன்கூட்டியே முடிவெடுப்பதன் பலன் என்ன என்று ஐயப்படுபவர்கள் ஒடிசாவைப் பார்க்கலாம். 1999-க்குப் பிறகு அந்த மாநிலம் தனக்கென்று ஒரு பேரிடர் ஆணையத்தை அமைத்தது. தேசியச் சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டி, அவற்றை நடத்த ஊர்க் குழுக்களைப் பழக்கியது. 2013 அக்டோபரில் ஃபைலின் கோபால்பூர் அருகே கரையேறியபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்பே நகர்த்தியிருந்தார்கள். 2019 மே மாதம் ஃபானிக்கு 12 லட்சம் பேர். ஃபானியில் அங்கே இறந்தவர்கள் 64 பேர். அதுவும் துயரம்தான். ஆனால் 1999-ன் கணக்கோடு வைத்துப் பார்த்தால், இருபது ஆண்டுகளில் கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை, ஆயத்தம் மாறியிருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. புயலுக்கு எழுதி வைத்த அளவுக்கு மற்றவற்றுக்கு நாம் முடிவுகளை எழுதி வைக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்போது எந்தப் புயலும் கரையேறவில்லை. புயலின் பெயர் இருந்தால்தான் எழுந்திருக்கும் நம் பழக்கத்துக்கு அது பெரிய பாடம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவே நின்றார்கள். கைபேசியில் அலறலோடு வந்து விழும் அவசரச் செய்தியை 2023-ல் நாடு முழுவதும் சோதித்துப் பார்த்தார்கள், நல்ல கருவி. செய்தி வந்த பிறகு எந்தத் தெரு எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. நகரங்களில் வார்டுக்கு ஒரு குறிப்பேடு இன்னும் வரவில்லை. அடுக்ககத்தில் எந்த மாடியில் ஆக்சிஜன் கருவியோடு யார் இருக்கிறார் என்று காவலாளிக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. பெரிய நகரங்களுக்கு எனத் தனிப் பேரிடர் ஆணையங்கள் அமைக்க 2025-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆணையம் கூடிக் கலைவதோடு நிற்காமல் அந்தக் காவலாளி வரை இறங்கினால் சரி.

வெயில் இன்னொன்று. தேசிய அளவில் நிவாரண நிதிக்கு உரிய பேரிடர்களின் பட்டியலில் வெப்ப அலை இல்லை. மாநிலம் தனக்கென்று அறிவித்துக்கொண்டு, தன் நிதியின் பத்து சதவீதத்துக்குள் செலவழித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு 2024-ல் அப்படி அறிவித்தது. வயலில் களைபறிக்கும் பெண்ணை எத்தனை டிகிரியில் வீட்டுக்கு அனுப்புவது, அன்றைய கூலியை யார் கொடுப்பது, மதியம் எந்தக் கட்டடத்தின் கதவைத் திறந்துவைப்பது, அதற்குச் சாவி யாரிடம்? புயலுக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுத நமக்கு ஒரு சூப்பர் புயலும் ஒரு சுனாமியும் தேவைப்பட்டன. வெயிலுக்கு அப்படி ஒரு விலை கொடுக்காமலே எழுதிவிடலாம். மாசியில் ஒரு மத்தியானம் வி.ஏ.ஓ.வும் கிராம நர்ஸும் நூறு நாள் வேலைப் பொறுப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முதல் பக்கத்தை முடித்துவிடலாம்.